பாரிஸ் நகரத்து ஸ்நான சாலைகள்

மத்திய கால ஐரோப்பியர் ஆண்டுக்கொருமுறையே நீராடினர் என்று இன்றும் பலர் நம்பி வருவது, அம்மாந்தருக்கு நாம் இழைக்கும் பெரும் அநீதியாகும். ஒன்பதாம் லூயி மன்னன் ஆட்சியில், 1268-ஆம் ஆண்டையொட்டி, பாரிஸ் நகர அதிகாரி எத்தியென் புவாலோ தொகுப்பித்த தொழில் விதிகளிலே, ஸ்நான சாலை நடத்துவோருக்கென்றே ஒரு பகுதி அமைந்திருப்பதும், ஆவிக் குளியலுக்கு 2 தெனியே, தொட்டிக் குளியலுக்கு 4 தெனியே காசு என்று கட்டணம் வரையறுக்கப்பட்டிருப்பதும் இதற்குத் தக்க சான்று. வெந்நீர் ஆயத்தமென்று வீதிதோறும் கூவியழைக்கும் ஆட்கள், பொழுது புலருமுன் கூவலாகாது. அழைப்பைக் கேட்டு இருளிலே எழுந்து வருவோருக்கு வழியில் ஆபத்து நேரக்கூடுமன்றோ? குளிக்க வரும் சாமானியனுடைய க்ஷேமத்தை இவ்வளவு நுட்பமாகக் கருதிய அவ்விதி என் உள்ளத்தை நெகிழ்விக்கிறது. 1292-ஆம் ஆண்டு வரிப்பதிவேட்டில் இத்தகைய சாலைகள் 26 காணப்படுகின்றன.

நாம் அக்காலத்தின்மீது சுமத்தும் அழுக்கு, மெய்யாகவே பிற்காலத்துக்கு உரியது. விறகின் விலையேற்றமும், கொள்ளைநோயும், பதினாறாம் நூற்றாண்டில் பரவிய மேகநோயும், வெந்நீர் மயிர்க்கால்களைத் திறந்து வியாதியை உட்புகுத்தும் என்ற வைத்தியர் போதனையும் சேர்ந்து அச்சாலைகளை மூடுவித்தன. பதினேழாம் நூற்றாண்டுப் பிரபுக்களோ, உடலை நனைப்பதற்கு அஞ்சி, வெண்ணிற லினன் சட்டையை அடிக்கடி மாற்றுவதையே சுத்தமெனக் கொண்டனர்.