அறுவை அரங்கில் படக்கருவி

மருத்துவ மாணவர்க்கான காணொளியின் வரலாற்றைக் கணினித் திரையிலிருந்து தொடங்குவது வழக்கமாயினும், எதைத் தேர்ந்து காட்டுவது என்னும் அதன் மூலச் சிக்கல், சலனப்படம் மக்கள் முன் வந்து மூன்றாண்டுகூட நிறையாத 1898-இல், பாரிஸ் அறுவை மருத்துவர் யூஜீன் துவாயான் தம் அறுவைகளைப் படமெடுக்கச் செய்தபோதே தோன்றிவிட்டது. அந்நாளைய மாணவர்கள் அடுக்கடுக்காக உயரும் இருக்கைகளில் அமர்ந்து, ஆசிரியரின் முதுகுக்கும் உதவியாளர் தலைகளுக்கும் இடையே தெரிந்த அளவில் கற்றனர். படக்கருவியோ முன்வரிசையின் பார்வையை எல்லோருக்கும் தரவல்லதாக இருந்தது. எடின்பரோவில் அவ்வாண்டு ஜூலையில் கூடிய பிரித்தானிய மருத்துவச் சங்க மாநாட்டில் அப்படங்கள் காட்டப்பட்டன. ஒரிசாவில் பிறந்த ஒட்டிப்பிறந்த இரட்டையரான ராடிகா, டூடிகா இருவரையும் 1902-இல் அவர் பிரித்த அறுவையும் படமாயிற்று. ஒளிப்பதிவாளர் ஒருவர் படிகளை அனுமதியின்றி விற்றமையால், பாடமாக எடுக்கப்பட்டவை சந்தைக் கொட்டகைகளில் வேடிக்கையாக ஓடின. துவாயான் வழக்குத் தொடுத்து 1905-இல் வென்றார்.

வழக்கைவிடக் கருதத்தக்கது படத்தின் இயல்பு. சிவப்பைக் கருமையாகவே பதிவுசெய்த அக்காலப் படச்சுருளில் குருதியும் தசையும் நிறத்தால் பிரிந்து தெரியவில்லை; அசையாமல் நின்ற கருவி, வேண்டியதையும் வேண்டாததையும் ஒரே அழுத்தத்துடன் காட்டியது.

தேர்ந்து காட்டும் கலை அப்போது ஓவியரிடமே இருந்தது. ஜெர்மனியின் லைப்சிக்கிலிருந்து 1894-இல் அமெரிக்காவின் பால்டிமோருக்கு வந்த மாக்ஸ் புரோடல், பொருளை முழுதும் விளங்கிக்கொள்ளாமல் வரையக் கூடாது என்பதை நெறியாகக் கொண்டு, 1911-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மருத்துவ ஓவியத்துக்கெனத் தனித்துறையைத் தொடங்கினார். சுண்ணப்பூச்சுள்ள அட்டையில் கரித்தூளைத் தூரிகையால் தடவி, ஒளிபடும் இடங்களைச் சுரண்டியெடுக்கும் அவருடைய முறை, திசுவின் ஈரமினுக்கைக்கூடக் காட்டியதோடு, மறைக்கும் குருதியை நீக்கிவிடும் உரிமையையும் ஓவியருக்கு அளித்தது. புகைப்படம் பெருகிய காலத்திலும் மருத்துவ நூல்கள் ஓவியத்தைக் கைவிடாததில் வியப்பில்லை.

இவ்விரு மரபுகளையும் 1990-களில் நன்கு இணைத்தவர், லூயிவில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆங்கிலேய அறுவை மருத்துவர் ராபர்ட் ஆக்லண்ட் எனலாம். பதம்செய்யாத, இயல்நிறம் மாறாத உடலுறுப்புகளைத் திரையில் மெல்லச் சுழலவிட்டு, தட்டையான படத்திலும் ஆழம் புலப்படச் செய்த அவருடைய உடற்கூற்றுக் காணொளிகள், முதலில் எலும்பு, பிறகு எலும்புகளைப் பிணைக்கும் நார், தசை, நரம்பு எனப் படிப்படியாக உடலைக் கட்டியெழுப்பின. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் பேச்சு அடங்க, முன்பு கண்ட உறுப்புகள் பெயரின்றித் தோன்றும். பெயர் சொல்ல வேண்டியவர் மாணவர்.