தமிழக உயர்நிலைப்பள்ளி ஆங்கில ஆசிரியர்: ஒரு பணிப்பாதையின் வரலாறு

முன்னுரை

தமிழகப் பள்ளிகளில் ஆங்கிலத்தின் வரலாறு பெரும்பாலும் மொழிக்கொள்கையின் வரலாறாகவே பேசப்படுகிறது. அந்த மொழியைக் கற்பித்தவரின் பணிவாழ்வு அதில் பின்தங்கிவிடுகிறது. ஆங்கிலத்தின் இடம் மாறியபோதெல்லாம் ஆசிரியரின் வேலையும் மாறியது. அவரைத் தேர்ந்தெடுத்து உயர்த்தும் விதிகள் மட்டும் அந்த வேலையோடு சேர்ந்து வளரவில்லை. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பயிற்றுமொழியாக ஆங்கிலம்

1835இல் தலைமை ஆளுநர் பெண்டிங்க் பிரபுவின் அரசு ஆங்கிலக் கல்வியை ஆதரித்து முடிவெடுத்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபின் மெட்ரிகுலேஷன் தேர்வு கல்லூரிக்கும் சர்க்கார் உத்தியோகத்துக்கும் வாசலானது. கணக்கும் சரித்திரமும் ஆங்கிலத்திலேயே நடந்ததால், உயர்நிலைப்பள்ளி ஆசிரியர் எவரானாலும் ஓரளவு ஆங்கில ஆசிரியராகவும் இருந்தார். சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியும் எல்.டி. என்ற ஆசிரியப் பயிற்சிப் பட்டமும் இப்பணிக்கு முறையான பயிற்சியைத் தந்தன. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி, தம் ஆங்கிலப் புலமைக்காக நாடெங்கும் மதிக்கப்பட்டார். ஆசிரியரின் சொந்த மொழித்திறனே அன்று அவருடைய தகுதியாகக் கருதப்பட்டது.

பாடமாக ஆங்கிலம்

1930களின் இறுதியில் உயர்நிலைப்பள்ளிப் பாடங்கள் தமிழுக்கு மாறத் தொடங்கின. ஜனநாயகக் கல்விக்கு இது இன்றியமையாத மாற்றம். ஆனால் நாள் முழுதும் காதில் விழுந்த ஆங்கிலம் ஒரு பீரியடுக்குள் சுருங்கியது. அந்த ஒரு பீரியடின் சுமை முழுவதும் ஆசிரியர்மேல் இறங்கியது. 1950களில் வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாகப் பழக்கும் பாடத்திட்டம் வந்தது. அதற்காக நடந்த சென்னை ஆங்கிலக் கற்பித்தல் இயக்கம் ஆயிரக்கணக்கான ஆசிரியர்களைப் பயிற்சிக்கு அழைத்தது. 1979இல் மொழிக் கல்வியாளர் என்.எஸ். பிரபு பெங்களூரில் தொடங்கிய திட்டம், இலக்கணப் பயிற்சியை ஒதுக்கிச் செயல்பாடுகள் வழியே மொழி கற்கலாம் என்று சென்னைப் பள்ளிகளிலும் சோதித்தது.

முறைகள் இப்படி மாறிக்கொண்டிருக்க, பல பள்ளிகளில் வரலாறோ அறிவியலோ படித்த பட்டதாரி (பி.டி.) உதவியாசிரியரே ஆங்கிலமும் எடுத்தார். பத்தாம் வகுப்பில் பத்தி வினாவுக்கான விடையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, மனப்பாடம் செய்யச்சொல்லி, மறுநாள் சிலிப் டெஸ்ட் வைத்து, மெல்லக் கற்போரைத் தேர்ச்சிக்கான 35 மதிப்பெண்ணுக்குக் கரையேற்றுவது அவருடைய அன்றாடமாயிற்று. தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் வேறு வழியின்றி எடுத்த முடிவு இது. இதை அவருடைய சோம்பல் என்பது அநீதி.

பணி ஏணி

1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபோது எம்.ஏ. முடித்தவர்களுக்கு முதுகலை ஆசிரியர் பணியிடம் கிடைத்தது. 1987இல் ஆசிரியர் தேர்வு வாரியம் அமைந்தது. 2012 முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு நடைமுறைக்கு வந்தது. அதன் இரண்டாம் தாளின் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது: மொத்தம் 150 மதிப்பெண்ணில் ஆங்கிலத்துக்கு 30, கணிதம்–அறிவியலுக்கோ சமூக அறிவியலுக்கோ 60. ஆங்கில ஆசிரியராக விரும்புபவரும் இதையே எழுதித் தேற வேண்டும். பாட அறிவைச் சோதிக்கும் தனிப் போட்டித் தேர்வு பிறகே சேர்ந்தது. எந்தத் தேர்விலும் அவர் வாய்திறந்து ஆங்கிலம் பேச வேண்டியதில்லை.

பணியில் சேர்ந்தபின் உயர்வுக்கு வழி பெரும்பாலும் பணிமூப்பும் துறைத் தேர்வுகளும்தான். துறைத் தேர்வுகளில் ஒன்றான அலுவலகக் கணக்குத் தேர்வு எழுதித் தலைமையாசிரியரானவரின் நேரம் சம்பளப் பட்டியலிலும் நலத்திட்டப் பதிவேடுகளிலும் கரைகிறது. இருபது ஆண்டுகளில் கைவந்த கற்பித்தல் நுட்பம் உச்சத்தில் இருக்கும்போதே வகுப்பறையை விட்டு வெளியேறிவிடுகிறது.

முடிவுரை

பயிற்றுமொழிக் காலத்தில் ஆசிரியரின் ஆங்கிலம் அவர் வாழ்ந்த சூழலிலேயே வளர்ந்தது. அச்சூழல் போனபின், அதற்கு ஈடாக அவருக்கு முறைகளும் கையேடுகளும் கிடைத்தன; படிக்கவும் பேசவும் எழுதவும் பணிநேரத்தில் இடம் கிடைக்கவில்லை. வகுப்பறையிலேயே இருந்து இளைய ஆசிரியர்களை வழிநடத்தும் மூத்த ஆங்கில ஆசிரியர் பதவி ஒன்றைத் தலைமையாசிரியர் ஊதியத்துக்கு இணையாக உருவாக்கினால் தேர்ந்த ஆசிரியரை வகுப்பறை இழப்பதைத் தடுக்கலாம். அரசுப் பள்ளி மாணவர் பலருக்கு ஆங்கிலம் கேட்க வாய்த்த ஒரே குரல் இந்த ஆசிரியருடையதுதான். ஆகவே அவருடைய பணிப்பாதையைச் சீர்செய்வதை மாணவர் உரிமையின் பகுதியாகவே கருத வேண்டும்.