பிழை காணா நட்டஈடு: ஒரு சட்டக் கோட்பாட்டின் சரித்திரம்

அறுகம்பேயில் அலைச்சறுக்கு நாடி வருவோர் திரளும் பருவத்தில், கூரைமேல் பலகை கட்டிய ஆட்டோ ஒன்று பொத்துவில் தெருவில் மீன்காரர் ஒருவரின் மோட்டார் சைக்கிளோடு மோதிவிட்டால், முழுக் காப்புறுதி உள்ள வாகனமாயின், கம்பனியின் ஆள் வந்திறங்கி, நசுங்கிய மட்கார்டைக் கைபேசியில் படமெடுத்து, ‘ஒன் த ஸ்பொட்’ என்று அவ்விடத்திலேயே கணக்கைத் தீர்த்துவிடுவதுண்டு. மீன்பெட்டி கவிழ்ந்து கணைக்கால் முறிந்தவரோ, பிழை யாருடையது என்று நியாயஸ்தலத்தில் ஸ்தாபிக்கப்படும்வரை காத்திருக்க நேர்கிறது. தகரத்துக்கு ஒரு நியாயமும் எலும்புக்கு வேறொரு நியாயமுமாக இவ்விவகாரம் அமைந்த வரலாறே இக்கட்டுரையின் விஷயம்.

இலங்கையில் உடற்காயத்துக்கு நட்டஈடு கோரும் உரிமை, கி.மு. 3ஆம் நூற்றாண்டு ரோமாபுரியின் அக்குவிலியச் சட்டத்தின் வழித்தோன்றலாகும். ஒல்லாந்தக் கம்பனியாரோடு கரையேறி, 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் ஆங்கிலேயர் ஆட்சியிலும் நிலைபெற்ற ரோம-ஒல்லாந்தச் சட்டத்தின்படி, பிரதிவாதியின் கவனயீனத்தை வாதியே நிரூபித்தாக வேண்டும். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டப்படி மூன்றாம் ஆளுக்கான காப்புறுதி கட்டாயமாயினும், அதனால் தீர்ப்புப் பணம் கைக்கு வரும் என்ற நிச்சயம் உண்டேயன்றித் தீர்ப்பை அடையும் வழி சுருங்கவில்லை. காயப்பட்டவரிடத்திலும் பிழையின் பங்கு உண்டெனில் அதற்கேற்பத் தொகையைக் குறைத்துக் கொடுக்க 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இடமளித்தது. ஆயினும் 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் விதித்த இரண்டாண்டுக் கெடுவுக்குள் வழக்குத் தொடுத்தாக வேண்டியிருந்தது.

பிழையை விசாரியாது பணம் கொடுப்பது இக்கரைக்கு அந்நியமான எண்ணமன்று. 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி, வேலையிடத்தில் கை இழந்தவர் முதலாளியின் பிழையை நிரூபிக்க வேண்டியதில்லை. அதற்கும் வெகுகாலம் முன்னரே, தவறுதலாக நேர்ந்த மரணத்துக்குரிய ஈட்டுப் பணமாகிய தியத்தைக் கொன்றவனின் உறவினர் கூட்டமே மூன்றாண்டுத் தவணையில் பகிர்ந்து செலுத்த வேண்டும் என்று நம் மௌலவிமார் ஓதும் ஷாபிஈ பிக்ஹு என்னும் இஸ்லாமியச் சட்ட நூல்கள் விதித்திருந்தன. நட்டத்தைப் பலர் தோளில் பரப்புவதே காப்புறுதியின் தாத்பரியமெனில், அது இங்கு முன்னமே உண்டென்று நான் துணிந்து கூறுவேன்.

மேனாடுகளில் இச்சிந்தனை 1932இல், அமெரிக்காவில் வாகன விபத்து நட்டஈட்டை ஆராய்ந்த கொலம்பியா அறிக்கையாக உருப்பெற்று, 1971இல் அந்நாட்டின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் நடைமுறைக்கு வந்தது. அங்கே காயப்பட்டவர் பிழை பாராது தம் சொந்தக் காப்புறுதியிலிருந்தே சிகிச்சைச் செலவைப் பெற்றார். ஆனால் வைத்தியச் செலவு 500 டொலரைத் தாண்டினாலன்றி, அல்லது காயம் பாரதூரமானதாயிருந்தாலன்றி, வேதனைக்கென்று வழக்காட இயலவில்லை. நியூசிலாந்தோ 1974இல் உடற்காய வழக்குரிமையையே பெரும்பாலும் நீக்கி, அரச நிதியிலிருந்து கொடுக்கலாயிற்று. 1990க்குப் பின் கனடாவின் ஒன்றாரியோவில் விபத்துக்குள்ளான ஸ்காபரோத் தமிழர் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியில் நிற்கிறார்: சிகிச்சைக்குப் பணம் பிழை பாராது கிடைக்கிறது, வேதனைக்கு வழக்காடவோ நிரந்தரமான பாரிய குறைபாடு வேண்டும்.

நமக்கு அதிகம் கற்பிப்பது பாக்குநீரிணைக்கு அப்பாலுள்ள அனுபவமே. கவனயீனம் நிரூபிக்கப்படாமல் நட்டஈடில்லை என்று 1977இல் இந்திய உச்ச நீதிமன்றம் மினு மேத்தா வழக்கில் தீர்த்ததன் கடுமை பலருக்கும் உறைத்தது. 1982இல் சட்டம் திருத்தப்பட்டு, பிழை கேளாமல் மரணத்துக்கு 15,000 ரூபாயும் நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாயும் வழங்கப்பட்டன. 1988இல் அவை 25,000, 12,000 ஆகவும், 1994இல் 50,000, 25,000 ஆகவும் உயர்ந்தன. இத்தொகை முதற்படியாகவே இருந்தது. வாங்கியவர் பிழையை நிரூபித்து மேலும் கோரலாம். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தமோ மரணத்துக்கு ஐந்து லட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் என்று தொகையைப் பெருக்கிய அதே வேளையில், அதனை ஏற்பவரின் பிழைவழிக் கோரிக்கை இற்றுப்போகும் என்றும் விதித்தது. முற்பணமாக இருந்தது முடிவான பணமாயிற்று. விரைவுக்கு விலை வைக்கப்பட்டது.

அந்த விலையைக் கொடுக்கும் தெரிவும் நம் மீன்காரருக்கு இல்லை. கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு, கல்முனையில் பிரக்கிராசியாரின் விறாந்தை வாங்கில் அவர் இருக்கிறார். மடியிலுள்ள உறையில் பொலிஸ் அறிக்கையின் பிரதியும், ஆசுபத்திரித் துண்டும், யாரோ எடுத்துக் கொடுத்த மட்கார்டின் படமும்.