மெழுகிலிருந்து சவரக்கத்திக்கு

1960-இல் தியோடர் மைமன் முதல் ரூபி லேசரை இயக்கிய சில ஆண்டுகளிலேயே, சின்சினாட்டி நகரத் தோல் மருத்துவர் லியோன் கோல்ட்மன் அக்கதிரைத் தோலின்மீது சோதித்து, நிறம் அடர்ந்த பகுதிகளே மிகுதியாகத் தாக்குறுவதைக் கண்டார். அலைநீளமும் துடிப்பின் கால அளவும் பொருந்தினால் சுற்றுத் திசுவைப் பெரிதும் காத்து நிறமியை மட்டும் சுட்டழிக்கலாம் என்ற விளக்கத்தை 1983-இல் ஆய்வாளர்கள் ஆண்டர்சனும் பாரிஷும் அளித்தனர்.

இக்கதிரால் முடியை அகற்றும் சிகிச்சையின் வரலாற்றில் சுவையான பகுதி, அதற்கு முந்தைய ஆயத்தம் தலைகீழாக மாறியதே. 1995-இல் அமெரிக்க அரசின் அனுமதி பெற்ற முறையில், முடியை மெழுகால் வேரோடு பிடுங்கி, வெறுமையான முடிக்குழிகளுக்குள் கரித்துகள் கலந்த களிம்பைத் தேய்த்த பின்னரே கதிர் பாய்ச்சப்பட்டது. ஒளியை உறிஞ்சும் வேலை கரியுடையது, ஆயினும் முடி மீண்டும் முளைத்தது. 1996-இல் வெளியான பாஸ்டன் ஆய்வில், 13 பேரின் உடலில் மெழுகிட்ட இடங்களைவிடச் சவரம் செய்த இடங்களே கூடுதலாக முடியிழந்தன. முடித்தண்டிலுள்ள மெலனின் என்னும் கருநிறமியே கதிரின் இலக்காதலால், முடியைப் பிடுங்கிவிட்டுக் கதிர் பாய்ச்சுவது திரியில்லா விளக்கை ஏற்றுவதற்கு ஒப்பாகும்.

தோலிலும் மெலனின் உண்டு. வெயிலில் கருத்த தோல் கொப்புளிக்கக்கூடும் என்பதால் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் வெயில் தவிர்க்கப்படுகிறது, கருந்தோலுக்கு 1064 நானோமீட்டர் கதிர் விரும்பப்படுகிறது. கதிர் பாய்ச்சியபின் தோன்றும் சிவப்பும் முடிக்குழியைச் சுற்றிய வீக்கமும் பெரும்பாலும் ஓரிரு நாளில் குளிர்ந்த ஒத்தடத்தால் தணியும்; அடுத்த சில வாரங்களில் கருகி உதிரும் முடியைப் புதுவளர்ச்சி என மயங்குவோரும் உண்டு.