தொடக்ககால அட்வென்டிஸ்ட் சபையில் அமைப்பு, தலைமை பற்றிய விவாதங்கள்

ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை 1863 மே மாதம், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள பேட்டில் கிரீக் ஊரில் முறைப்படி அமைக்கப்பட்டது. அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில், சபைக்கு அமைப்பு என்ற ஒன்று இருக்கலாமா என்பதே அம்மக்களிடையே பெரும் தர்க்கமாக இருந்தது. அமைப்பு உருவான பின், அதிகாரம் ஒரு தலைவரிடம் இருப்பதா, பிரதிநிதிகளின் கூட்டு முடிவில் இருப்பதா என்ற கேள்வி எழுந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை நீடித்தது.

பாபிலோன் அச்சம்

அமைப்பின்மேல் இவர்களுக்கு இருந்த வெறுப்பு வெறும் கொள்கைப் பிடிவாதம் அன்று. பட்ட காயத்திலிருந்து வந்தது. நியூயார்க் மாநிலத்து விவசாயியும் பாப்டிஸ்டுமான வில்லியம் மில்லர், தானியேல் தீர்க்கதரிசனத்தின் காலக்கணக்கை ஆராய்ந்து, கிறிஸ்துவின் இரண்டாம் வருகை 1843-44 வாக்கில் நிகழும் என்று பிரசங்கித்தார். அதை நம்பியவர்கள் பல சபைகளிலிருந்து நீக்கப்பட்டனர். பிற்காலத்தில் எலன் ஒயிட் என்று அறியப்பட்ட எலன் ஹார்மனின் குடும்பம் 1843இல் போர்ட்லந்து நகரின் மெதடிஸ்ட் சபையிலிருந்து விலக்கப்பட்டது. அதே ஆண்டு மில்லர் இயக்கத்துப் போதகர் சார்லஸ் ஃபிட்ச், வருகையின் செய்தியை எதிர்க்கும் சபைகள் அனைத்துமே வெளிப்படுத்தின விசேஷம் கூறும் பாபிலோன் என்றும், விசுவாசிகள் அதைவிட்டு வெளியேற வேண்டும் என்றும் பிரசங்கித்தார். 1844 தொடக்கத்தில் அவ்வியக்கத்தின் இன்னொரு போதகரான ஜார்ஜ் ஸ்டார்ஸ் இன்னும் ஒரு படி சென்றார். மனிதர் ஏற்படுத்தும் எந்தச் சபையும் அமைப்பாகும் அந்தக் கணத்திலேயே பாபிலோனாகிவிடுகிறது என்பது அவர் வாதம்.

1844 அக்டோபர் 22 அன்று எதிர்பார்த்த வருகை நிகழவில்லை. அந்தப் பெரும் ஏமாற்றத்துக்குப்பின் சிதறியவர்களில் ஒரு சிறு பிரிவினர் சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஏற்றனர். ஜோசப் பேட்ஸ், ஜேம்ஸ் ஒயிட், அவர் மனைவி எலன் ஒயிட் ஆகிய மூவரும் இப்பிரிவின் தூண்கள். இவர்களுள் பேட்ஸும் ஜேம்ஸும் கிறிஸ்டியன் கனெக்‌ஷன் என்ற இயக்கத்திலிருந்து வந்தவர்கள். அந்த இயக்கம் வேதாகமத்தைத் தவிர வேறு விசுவாசப் பிரமாணத்தையோ, உள்ளூர்ச் சபைக்கு மேலான அதிகாரத்தையோ ஏற்காதது. ஆகவே ஸ்டார்ஸின் வார்த்தைகள் அவர்கள் செவியில் இயல்பாகவே ஏறின.

ஒழுங்கின் தேவை

1850களில் நிலைமை மாறியது. ஊர் ஊராகச் சென்ற போதகர்களில் யார் உண்மையானவர், யார் தாமாகவே புறப்பட்டவர் என்று சிறு குழுக்களால் அறிய முடியவில்லை. 1853இல் ஜேம்ஸ் ஒயிட்டும் பேட்ஸும் கையொப்பமிட்டு, அங்கீகரிக்கப்பட்ட போதகர்களுக்குச் சான்று அட்டை வழங்கினர். அவ்வாண்டு இறுதியில் சுவிசேஷ ஒழுங்கு என்ற பொருளில் ஒயிட் தம் இதழான ரிவியூவில் தொடர் கட்டுரைகள் எழுதினார். போதகர்களுக்கு நிலையான வருவாயும் இல்லை. வயலிலும் தச்சுப் பட்டறையிலும் உழைத்துக்கொண்டே பிரசங்கித்த சிலர் சோர்ந்து ஊழியத்தை விட்டனர். 1859இல் ஜே. என். ஆண்ட்ரூஸ் தலைமையில் ஆராய்ந்து வகுத்த காணிக்கைத் திட்டத்தின்படி, ஆண்கள் வாரம் 5 முதல் 25 சென்ட்வரையும் பெண்கள் 2 முதல் 10 சென்ட்வரையும் கொடுக்கும்படி கேட்கப்பட்டனர்.

ஆனால் விவாதத்தை முற்றவைத்தது சொத்துரிமை. பேட்டில் கிரீக்கிலிருந்த அச்சகம் சட்டப்படி ஜேம்ஸ் ஒயிட்டின் பெயரில் இருந்தது. அதை வாங்கிய பணமோ விசுவாசிகளுடையது. அவர் இறந்தால் அது வாரிசுகளுக்குப் போகும். கடன் கொடுத்த ஏழை விசுவாசிகளுக்குப் பாதுகாப்பில்லை. 1860 பிப்ரவரியில் இதை இதழில் வெளிப்படையாக எழுதிய ஒயிட், சொத்தைச் சட்டப்படி வைத்துக்கொள்ள வழி காண வேண்டும் என்றார். மறுப்பு அடுத்த மாதமே வந்தது. ஏழாம் நாள் பாப்டிஸ்ட் மரபில் வளர்ந்தவரும் மதிக்கப்பட்ட எழுத்தாளருமான ராஸ்வெல் எஃப். காட்ரெல், நமக்கென்று ஒரு பெயரை உண்டாக்கிக்கொள்வதே பாபேல் கட்டியவர்களின் பாவம் என்றார். அரசிடம் பதிவு பெறுவது உலக அதிகாரத்தோடு கைகோப்பதாகும் என்று அவர் அஞ்சினார். இந்த அச்சத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அரசும் சபையும் கைகோத்தபோதெல்லாம் மனச்சாட்சிக்காக நின்றவர்கள் துன்புற்றதை அவர் தலைமுறை நன்கு அறிந்திருந்தது.

ஒயிட்டின் பதிலில்தான் சபையின் எதிர்காலமே அடங்கியிருந்தது. வேதத்தில் வெளிப்படையாகக் கட்டளையிடப்பட்டதை மட்டுமே செய்யலாம் என்ற பழைய அளவுகோலை அவர் கைவிட்டார். வேதம் தடைசெய்யாத, நற்காரியத்துக்கு உதவக்கூடிய, நேர்மையான எந்த வழியையும் பயன்படுத்தலாம் என்பது அவர் முன்வைத்த புதிய அளவுகோல். பாபிலோன் என்பதன் பொருள் குழப்பம் என்றால், ஒழுங்கற்றுக் கிடக்கும் நாமே பாபிலோன் என்றும் அவர் திருப்பிக் கேட்டார். எலன் ஒயிட்டும் காட்ரெலின் நிலைப்பாட்டைத் தவறென எழுதினார். காட்ரெல் பிரிந்து செல்லவில்லை. இறுதிவரை சபைக்குள்ளேயே ஊழியம் செய்தார்.

1860 செப்டம்பர் இறுதியில் பேட்டில் கிரீக்கில் கூடிய மாநாடு ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் என்ற பெயரை ஏற்றது. 1861 மே மாதம் பதிப்புச் சங்கம் சட்டப்படி பதிவானது. அக்டோபரில் மிச்சிகன் மாநில மாநாட்டு அமைப்பு உருவானபோது, விசுவாசப் பிரமாணம் வேண்டாம், எளிய உடன்படிக்கை ஒன்று போதும் என்று முடிவாயிற்று. பிரமாணம் எழுதுவதில் தொடங்கி, அதைக்கொண்டு உறுப்பினரைச் சோதித்து, மாறுபடுவோரைத் துன்புறுத்துவதில் போய் முடியும் என்று ஜே. என். லஃப்பரோ எச்சரித்தார். தேவன் புதிதாக வெளிப்படுத்துவதற்குப் பிரமாணம் கதவடைத்துவிடும் என்றார் ஒயிட்.

1863 மே 20 முதல் 23 வரை நடந்த கூட்டத்தில் 20 பிரதிநிதிகள் சபை முழுமைக்குமான பொது மாநாட்டு அமைப்பை நிறுவினர். அப்போது சுமார் 125 சபைகளும் 3,500 உறுப்பினரும் இருந்தனர். ஜேம்ஸ் ஒயிட்டையே ஒருமனதாகத் தலைவராகத் தேர்ந்தனர். அமைப்புக்காக இவ்வளவு வாதாடிய தாமே முதல் பதவியைப் பிடித்தால் அது தவறாகப்படும் என்று அவர் மறுத்தார். ஜான் பயிங்டன் முதல் தலைவரானார்.

அனைவரும் இணங்கவில்லை. அயோவா மாநில மாநாட்டு அமைப்பின் தலைவராக இருந்த பி. எஃப். ஸ்னூக்கும் டபிள்யூ. எச். பிரிங்கர்ஹாஃபும் ஒயிட் தம்பதியரின் தலைமையையும் எலனின் தரிசனங்களையும் மறுத்து 1860களின் நடுவில் பிரிந்தனர். மிச்சிகனில் கில்பர்ட் கிரான்மரைச் சுற்றியும் ஒரு குழு உருவாயிற்று. தேவனுடைய சபை (ஏழாம் நாள்) என்ற தனிச்சபையின் வேர்கள் இப்பிரிவுகளில் உள்ளன.

ஒரே தலைவரா?

1873இல் பொது மாநாட்டுத் தலைவராக இருந்த ஜார்ஜ் ஐ. பட்லர், தலைமை என்ற பெயரில் ஒரு கட்டுரையை மாநாட்டின் முன்வைத்தார். தேவன் தம் பெரிய காரியங்களை மோசேயைப் போன்ற ஒரு தலைவரைக்கொண்டே நடத்துகிறார். இந்த இயக்கத்துக்கு அத்தகையவர் ஜேம்ஸ் ஒயிட். மனச்சாட்சியைத் தொடாத காரியங்களில் மற்றவர்கள் அவர் தீர்ப்புக்கு இணங்க வேண்டும் என்பது அதன் சாரம். மாநாடு அதை ஏற்றுக்கொண்டது.

எதிர்த்தவர்களில் முக்கியமானவர் புகழப்பட்ட ஒயிட்டே. கிறிஸ்து தம் சீடரில் எவரையும் மற்றவர்களுக்குத் தலைவராக நியமிக்கவில்லை என்று 1874 ஜூன் மாதம் தொடங்கிய சைன்ஸ் ஆஃப் தி டைம்ஸ் இதழில் எழுதினார். ஆனால் ஒயிட் தாமே கண்டிப்பானவர். பிறருக்கு இடங்கொடாமல் காரியங்களை நடத்தியவர் என்ற குறை அவர்மேல் உண்டு. அவர் எழுத்தையும் நடத்தையையும் சேர்த்துப் பார்த்தால்தான் பட்லரின் கட்டுரை எங்கிருந்து பிறந்தது என்பது விளங்கும்.

எலன் ஒயிட் 1875இல் பட்லருக்கு எழுதிய நீண்ட மடல் விவாதத்தின் திருப்புமுனை. எவரும் தம் தீர்ப்பை இன்னொரு தனிமனிதரின் தீர்ப்புக்குக் கீழ்ப்படுத்தக் கூடாது. ஆனால் பொது மாநாடு கூடி எடுக்கும் முடிவுக்குப் பணிய வேண்டும் என்றார். 1877இல் மாநாடு, தலைமையை ஒருவரிடமே வைக்கும் பகுதிகளை ரத்துசெய்தது.

மீண்டும் அதே கேள்வி

ஒருவரிடமிருந்து அகற்றிய அதிகாரம் பேட்டில் கிரீக்கிலிருந்த ஒரு சிலரிடம் குவிந்தது. தொலைநாட்டு ஊழியங்களின் சிறு செலவுக்கும் அங்கிருந்தே அனுமதி வர வேண்டியிருந்தது. 1890களில் ஆஸ்திரேலியாவில் இருந்த எலன் ஒயிட் இதை ராஜ அதிகாரம் என்று கண்டித்தார். பொது மாநாட்டின் குரலை இனி தேவனுடைய குரலாகக் கொள்ள முடியாது என்றே எழுதினார். 1875இல் தாம் உயர்த்திப் பேசிய அமைப்பைப் பற்றி அவரே இப்படி எழுதியது பலரை உலுக்கியது.

1901 மாநாட்டில் பெரும் மாற்றம் வந்தது. ஆஸ்திரேலியாவில் 1894 முதல் நடைமுறையிலிருந்த, ஒரு வட்டாரத்தின் மாநாட்டு அமைப்புகளை ஒன்றிணைக்கும் ஒன்றிய மாநாட்டு முறை எங்கும் பரவியது. தலைவர் பதவி நீக்கப்பட்டு, ஏ. ஜி. டேனியல்ஸ் செயற்குழுவின் தலைமையாளரானார். 1903இல் ஓக்லந்தில் கூடிய மாநாட்டில் தலைவர் பதவி மீண்டும் கொண்டுவரப்பட்டபோது, ஈ. ஜே. வாகனர், பெர்சி மேகன், டேவிட் பால்சன் மூவரும் சிறுபான்மை அறிக்கை அளித்து எதிர்த்தனர். 85க்கு 20 என்ற வாக்கில் அவர்கள் தோற்றனர். கிறிஸ்துவே சபையின் ஒரே தலை என்று வாதிட்ட போதகர் ஏ. டி. ஜோன்ஸ் 1909இல் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார். அதே ஆண்டு எலன் ஒயிட் தம் இரு கூற்றுகளையும் இணைத்து விளக்கினார்: ஒரு சிறு குழு பொது மாநாட்டின் பெயரால் பேசும்போது அதற்கு அந்த அதிகாரம் இல்லை, உலகின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் வந்த பிரதிநிதிகள் கூடி முடிவெடுக்கும்போதே அதற்கு அது உண்டு.