பள்ளிக்குள் ஒரு பேராலயம்

ஒரு நாட்டின் வரலாற்றை ஏடுகளில் படிப்பது ஒரு வகை. அந்நாட்டின் வணக்கத்தலங்களின் சுவர்களில் படிப்பது மற்றொரு வகை. ஏட்டை எழுதுகிறவர் வென்றவர் பக்கம் சாய்ந்து எழுதிவிடக்கூடும். கல்லோ, தன்னைத் தொட்ட கைகள் அனைத்தையும் காட்டிக்கொண்டு நிற்கும்.

ஆயரின் ஆசனம் அமைந்த தலைமைத் தேவாலயத்தையே கிறிஸ்தவர்கள் கத்தீட்ரல், அதாவது பேராலயம், என்கின்றனர். ஐரோப்பாவில் எத்தனையோ பேராலயங்கள் உண்டு. ஆயினும் ஸ்பெயினின் தென்பகுதியில், நம்மவர் குர்துபா என்றும் ஸ்பானியர் கொர்தோபா என்றும் அழைக்கும் நகரத்தில் நிற்கும் பேராலயத்திற்கு நிகரான வரலாறு கொண்டவை மிகச் சிலவே. அதனருகே ஓடும் ஆற்றின் பெயர் குவாதல்கிவீர். ‘வாதில் கபீர்’ என்ற அரபுச் சொற்களின் திரிபு அது. மொழி மறைந்த பின்னும் ஆறு அப்பெயரைச் சுமந்து ஓடுகிறது.

அமீர் எழுப்பிய பள்ளி

கி.பி. 750இல் திமிஷ்கில் உமையாக்களின் ஆட்சி கவிழ்ந்தது. அக்குடும்பத்தின் இளவல் அப்துர் ரஹ்மான் உயிர் தப்பி, வட ஆப்பிரிக்கா வழியாக ஸ்பெயினை அடைந்து, 756இல் குர்துபாவின் அமீரானார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 785ஆம் ஆண்டளவில், அவர் பெரும் பள்ளிவாசலுக்குக் கால்கோள் செய்தார்.

அவ்விடத்தில் முன்பு தூய வின்சென்ட் தேவாலயம் இருந்ததென்றும், அதில் ஒரு பகுதியில் முஸ்லிம்கள் தொழுது வந்தனரென்றும், எஞ்சிய பகுதியை அமீர் கிறிஸ்தவர்களிடம் விலை கொடுத்து வாங்கினாரென்றும் அரபு வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். அங்கிருந்த கட்டடம் எத்தகையது என்பதில் தொல்பொருள் ஆய்வாளர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆட்சியாளர் விலை பேசும்போது, மறுக்கும் உரிமை குடிமக்களுக்கு எவ்வளவு இருந்திருக்கும் என்று வாசகர் வினவலாம். வினா நியாயமானதே. எனினும், விலை கொடுத்தார் என்ற அச்செய்தி, பொருள் பிறருடையது என்பதை ஒப்புக்கொள்ளும் ஒரு செய்தியாகும்.

பழைய ரோமானிய, விசிகோத்தியக் கட்டடங்களின் தூண்களே இப்பள்ளிக்குப் பயன்பட்டன. அவை உயரம் குறைந்தவை. கூரையை உயர்த்த அவை மட்டும் போதா. எனவே சிற்பிகள் ஒரு வளைவின்மீது மற்றொரு வளைவை ஏற்றினர். செங்கல்லும் வெண்கல்லும் மாறி மாறி அமைந்த அவ்விரட்டை வளைவுகளே இன்று உலகம் வியக்கும் அழகாயின. குறையை மறைக்கக் கண்ட வழி, கலையின் புது வழியாயிற்று.

பின்வந்தோர் பள்ளியை விரித்துக்கொண்டே சென்றனர். கலீஃபா இரண்டாம் ஹகமின் காலத்தில், 960களில் எழுந்த மிஹ்ராபில் பொன்னொளிர் பதிகல் வேலைக்காக, பைஸாந்தியத்தின் கிறிஸ்தவப் பேரரசர் கைவினைஞரையும் கற்களையும் அனுப்பி வைத்தாரென வரலாறு கூறுகிறது. 987இல் அமைச்சர் அல்மன்சூர் இறுதி விரிவைத் தொடங்கினார். தெற்கே ஆறு, மேற்கே அரண்மனை. ஆகவே கிழக்கே விரித்தார். மிஹ்ராப் இன்று கிப்லாச் சுவரின் நடுவில் இல்லாதிருப்பதன் காரணம் இதுவே.

மணிகளின் பயணம்

அதே அல்மன்சூர் 997இல் வடமேற்கே படையெடுத்து, கிறிஸ்தவர்களின் புனிதத்தலமான ஸாந்தியாகோவைத் தாக்கினார். அங்கிருந்த தேவாலய மணிகளைக் கிறிஸ்தவக் கைதிகளின் தோள்களில் ஏற்றிக் குர்துபாவுக்குக் கொணர்ந்து, பள்ளியில் விளக்குகளாகத் தொங்கவிட்டார். 1236 ஜூன் 29இல் காஸ்தீல் மன்னர் மூன்றாம் பெர்டினாண்ட் குர்துபாவைக் கைக்கொண்டதும், அம்மணிகள் முஸ்லிம் கைதிகளின் தோள்களில் ஸாந்தியாகோவுக்குத் திரும்பின என்று அக்கால நூலோர் எழுதுகின்றனர். ஏறத்தாழ இருநூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து அதே சுமை, அதே வழி. தோள்கள் மட்டுமே வேறு. எளியவரின் தோளில் ஏற்றப்படும் வெற்றி எவருக்கும் நிலைப்பதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

நகர மக்களின் எதிர்ப்பு

1236இல் பள்ளி தேவாலயமாக்கப்பட்டது. ஆயினும் கட்டடம் இடிக்கப்படவில்லை. இடையிடையே சிற்றாலயங்கள் எழுந்தன. 1371இல் முடிந்த அரச சிற்றாலயமோ முஸ்லிம் கலைப்பாணியிலேயே அமைந்தது. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் தூண்களின் வரிசை பெரும்பாலும் காக்கப்பட்டது.

1523இல் ஆயர் அலோன்சோ மன்ரிக்கேயும் குருமார் அவையும் கட்டடத்தின் நடுப்பகுதியை இடித்து, உயர்ந்த பேராலயம் ஒன்றை எழுப்ப முனைந்தனர். இதனை எதிர்த்தவர் யார்? நகரில் முஸ்லிம்களுக்கு அப்போது குரலே இல்லை. எதிர்த்தது கிறிஸ்தவர்களாலான நகர மன்றம்! இடிக்கும் வேலையில் இறங்கும் தொழிலாளருக்கு மரண தண்டனை என்றே அம்மன்றம் பறைசாற்றியது. வழக்கு பேரரசர் ஐந்தாம் சார்லஸிடம் சென்றது. அவர் குருமார் பக்கம் தீர்ப்பளித்தார். எர்னான் ரூயிஸ் என்ற கட்டடக் கலைஞரும், அவர் மகனும், பேரனும் தொடர்ந்து உழைத்த பணி 1607இல்தான் முடிவுற்றது.

பின்னர் அவ்விடத்தைக் கண்ட சார்லஸ், உலகில் எங்கும் கிடைக்காத ஒன்றை அழித்து, எங்கும் காணக்கூடிய ஒன்றைக் கட்டிவிட்டீர்களே என்று வருந்தினாரெனச் சொல்லப்படுகிறது. அவர் வருந்தினாரோ இல்லையோ, கிரானடாவின் அல்ஹம்ரா வளாகத்தினுள்ளே தமக்கென ஓர் அரண்மனையை எழுப்பத் தொடங்கியவரும் அவரே.

காத்ததும் அழித்ததும்

அண்டை நகரான இஷ்பீலியாவில், அதாவது செவில்லில், பெரும் பள்ளியை இடித்துப் பேராலயம் கட்டுவதென 1401இல் முடிவு செய்தனர். 1198இல் நிறைவுற்ற மினாராவும் ஆரஞ்சு மர முற்றமுமே அங்கு எஞ்சின. ஹிரால்டா எனும் அந்த மினாரா இன்று மணிக்கூண்டு. அதனோடு ஒப்பிட, குர்துபாவில் பிழைத்தது பெரிது. எண்ணூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தூண்கள் இன்றும் நிற்கின்றன.

குர்துபாவுக்கு அருகே கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் எழுப்பிய மதீனத்துஸ் ஸஹ்ரா என்னும் அரண்மனை நகரமோ, 1010ஆம் ஆண்டளவில் உள்நாட்டுப் போரில் சூறையாடப்பட்டது. அதைச் சூறையாடியவர்கள் முஸ்லிம் படையினரே. அழிவுக்கு ஒரு சமயத்தை மட்டும் பொறுப்பாக்க வரலாறு இடந்தரவில்லை.

1933இல் கவிஞர் இக்பால் இங்கு வந்து, இசைவு பெற்றுத் தொழுதார். அவ்வனுபவம் அவருடைய புகழ்பெற்ற நெடுங்கவிதைக்கு வித்தாயிற்று. 1984இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுச் செல்வமாக ஏற்றது. 2006இல் மறைமாவட்டம் 30 யூரோ கட்டணம் செலுத்திக் கட்டடத்தைத் தன் பெயரில் பதிவு செய்துகொண்டபோது, இது யாருடையது என்ற வழக்காடல் ஸ்பெயினிலேயே எழுந்தது. 2025 ஆகஸ்டில் தீப்பற்றி ஒரு சிற்றாலயத்தின் கூரை இடிந்தபோது, சமய வேறுபாடின்றி உலகம் பதறியது.

ஒரே அளவுகோல்

குர்துபாவை எண்ணி நம் நெஞ்சம் நோவது இயல்பு. அதே நெஞ்சம் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கான்ஸ்டாண்டிநோபிளில் 537இல் நிறைவுற்ற அயா சோபியா பேராலயம் 1453இல் பள்ளியாயிற்று. 1930களில் அருங்காட்சியகமாகி, 2020இல் மீண்டும் பள்ளியானது. குர்துபாவில் நாம் உணரும் நோவை, அங்கு ஒரு கிரேக்கக் கிறிஸ்தவர் உணர்வாரன்றோ? ஒரே துலாக்கோலால் இரண்டையும் நிறுப்பதே நீதி.

அத்துலாக்கோல் நம்மிடம் உண்டு. ஹஸ்ரத் உமர் (ரலி) ஜெரூசலம் சென்றிருந்தபோது, தேவாலயத்திலேயே தொழுமாறு தலைமைக் குரு வேண்டியும், உள்ளே தொழ மறுத்து வெளிப்படியில் தொழுதார்கள். தாம் தொழுத இடமென்று சொல்லிப் பின்வருவோர் அதனைப் பறித்துக்கொள்ளக்கூடும் என்பதே அவர்கள் சொன்ன காரணம். இச்செய்தியை எழுதி வைத்தவர் பத்தாம் நூற்றாண்டின் கிறிஸ்தவ வரலாற்றாசிரியர் யூத்திக்கியூஸ்.

கட்டியதற்காகப் புகழப்பட்ட மன்னர் பலர். உள்ளே நுழையாமல் படியில் நின்றதற்காக, பிற சமயத்தார் தம் ஏட்டில் பொறித்த ஆட்சியாளர் எத்தனை பேர்?