நூற்றிருபது நாட்களின் சாட்சி

அறுகம்பேயிலிருந்து கல்முனை வரை நீளும் கரையோரப் பட்டினங்களில் நீரிழிவைச் ‘சீனி வருத்தம்’ என்பர். கிளினிக் நாள் நெருங்கியதும் சோற்றைக் குறைத்து, தேநீரிற் சீனியை நீக்கி, மூன்று நாள் மட்டும் பத்தியம் காப்போர் எவ்வூரிலும் உளர். வெறும் வயிற்றில் எடுத்த குருதி அன்று நல்ல கணக்கைக் காட்டக்கூடும். வைத்தியரை ஏய்த்துவிட்டதாக அவர் எண்ணுவார். ஏய்த்தது தம்மையே என்பதை மங்கிய கண்ணும் காலில் ஆறாத புண்ணும் பிற்காலத்தில் உணர்த்தும்.

இவ்வேய்ப்புக்கு இடங்கொடாத பரிசோதனையொன்று பிறந்த வரலாறு சுவையானது.

முற்காலத்தவர் சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைக் கொண்டு நோயறிந்தனர். பின்னர் அதனைப் பெனடிக்ற் கரைசலுடன் காய்ச்சி நிறமாற்றத்தை நோக்கினர். 1948இல் சென்னை ஸ்ரான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிக் கிளினிக் தொடங்கிய காலத்திலும், சோதனை சொன்னது அந்நேரத்து நிலையை மட்டுமே. கடந்த மாதங்களின் கதையைச் சொல்லவல்ல சாட்சி எங்கே இருந்தது?

செங்குருதிக் கலத்தினுள்ளேயே இருந்தது. 1958இல் ஹியூஸ்மனும் மேயரிங்கும் ஈமோகுளோபினின் சிறு கூறுகளைப் பிரித்துக் காட்டினர். ஆயினும் நீரிழிவுடன் அதற்குள்ள உறவு அன்று புலப்படவில்லை. தெகரானில் சாமுவேல் ரஹ்பர் என்பார் ஈமோகுளோபினின் பரம்பரை வேறுபாடுகளைத் தேடிப் பலரது குருதியை ஆராய்ந்துகொண்டிருந்தார். வழக்கத்துக்கு மாறான பட்டையொன்று தென்பட்டது. அதற்குரியோர் நீரிழிவு நோயாளர்! தேடியது ஒன்று, கிட்டியது வேறொன்று. 1968இல் அவர் இதனை வெளியிட்டார். அதன் பயனை நிறுவியோர் அமெரிக்காவில் கோனிக், செராமி குழுவினர். ஐந்து நோயாளரின் சீனியைக் கட்டுப்படுத்திய பின்னர் இக்கூறும் படிப்படியாகக் குறைவதை 1976இல் அவர்கள் காட்டினர்.

இதன் இயல்பை அறிவது எளிது. கரையில் இழுத்துவிட்ட தோணியின் ஆணியில் உப்புக்காற்றால் துரு ஏறுவதுபோல, குருதியிலுள்ள குளுக்கோசு ஈமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. செங்குருதிக் கலம் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்வது. சீனி மிகுந்திருந்தால் ஒட்டுவதும் மிகும். மூன்று நாட் பத்தியம் அதனைத் துடைத்துவிடாது. அண்மைய வாரங்களின் பங்கே இதிற் கூடுதல் என்பதும் உண்மை.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 1441 பேரிடம் நடந்த ஆய்வு 1993இல் முடிவு தந்தது. இக்கணக்கை 7 சதவீதத்தை ஒட்டி வைத்திருந்தோருக்கு, 9 சதவீதத்தை ஒட்டி நின்றோரைவிடக் கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் பழுதுறுவது வெகுவாகக் குறைந்தது. 2011இல் உலக சுகாதார நிறுவனம் 6.5 சதவீதத்தை நோயறியும் எல்லையாகவும் ஏற்றது.

எனினும் இச்சாட்சியும் சில வேளை தடுமாறும். குருதிச்சோகை உள்ளவரிடமும், தலசீமியா போன்ற பரம்பரைக் குறையுள்ளவரிடமும் கணக்குப் பிழைக்கலாம். ரஹ்பர் முதலில் தேடிச் சென்ற ஈமோகுளோபின் வேறுபாடுகளே, அவர் கண்ட சோதனையைக் குழப்பவும் செய்கின்றன.